நெல்லைச் சீமையில் ஆய்வு செய்யப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர்கள், பதியலாமா என்று யோசிப்பவர்கள், பட்டமே வேண்டாம், ஊர் வரலாற்றை ஒழுங்காக எழுதினால் போதும் என்று உட்கார்ந்தவர்கள் ஆகிய மூன்று தரப்புக்கும் இந்தப் பக்கம். நெல்லைச் சீமை என்று இங்கே சொல்வது இன்றைய திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களைச் சேர்த்து.

வேதியியல், சமூகவியல், தமிழ் இலக்கியம் எல்லாவற்றுக்கும் ஆய்வு என்பது ஒன்றுதானா?

செய்யும் விதம் வேறு. ஆனால் "இது உமக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருவர் கேட்டால் எடுத்துக் காட்ட ஏதாவது இருக்க வேண்டும் என்பது மூவருக்கும் பொது. வேதியியல்காரர் டைட்ரேஷன் குறிப்பேட்டைக் காட்டுவார். சமூகவியல்காரர் நிரப்பிய கேள்வித்தாளைக் காட்டுவார். தமிழ்க்காரர் சுவடியின் ஏட்டு எண்ணைச் சொல்வார். மூவரும் சறுக்குவதும் ஒரே இடத்தில்தான். கையில் இருக்கும் சான்று எவ்வளவு சொல்லுமோ அதற்கு மேல் அதைச் சொல்ல வைக்கப் பார்ப்பார்கள். கீழே வரும் பதில்களில் பாதி இந்தச் சறுக்கலைப் பற்றியவைதான்.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"தாமிரபரணி ஆற்றின் மாசுபாடு" என்பது ஒரு நிறுவனம் முப்பது ஆண்டு செய்ய வேண்டிய வேலை. "பாபநாசம் முதல் சீவலப்பேரி வரை ஆறு இடங்களில், கார், பிசான நெற்பருவங்களில், நீரில் கரைந்த ஆக்ஸிஜன்" என்றால் ஒருவர் மூன்றாண்டில் முடிக்கலாம். "நெல்லை மாவட்ட நாட்டார் தெய்வங்கள்" என்பதும் அப்படியே. ஒரு வட்டாரம், ஒரு தெய்வம், கோயில் கொடைவிழா இரவில் எந்தக் கதை எந்த வரிசையில் பாடப்படுகிறது என்று சுருக்கினால்தான் கைக்குள் அடங்கும்.

எங்கள் பரிசோதனை எளிது. தலைப்பைப் பதிவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் ஆய்வேட்டில் வரப்போகும் அட்டவணைகளை எண் இல்லாமல் வெறுங்கட்டமாக வரையுங்கள். நெடுக்கில் என்ன, குறுக்கில் என்ன என்று எழுத முடியவில்லை என்றால் தலைப்பு இன்னும் பழுக்கவில்லை. இலக்கிய ஆய்வுக்கும் இது பொருந்தும். கட்டத்தில் எண்ணுக்குப் பதில் பாடபேதமோ கதைக்கூறோ வரும், அவ்வளவுதான்.

யாராவது ஏற்கெனவே செய்துவிட்டார்களா என்று எங்கே பார்ப்பது?

முதலில் சோத்கங்கா என்ற இணையதளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வேடுகளையும் அங்கே தேடலாம். 1990-க்கு முந்தையவற்றுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பட்டியலையும் சேர்த்துப் பாருங்கள்.

பலர் தவறவிடுவது எழுத்துக்கூட்டல். வெள்ளைக்காரர் காலத்து ஆவணத்தில் திருநெல்வேலி "டின்னெவெல்லி", பாளையங்கோட்டை "பாளம்கோட்டா", தூத்துக்குடி "டூட்டிகொரின்". இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால் இருநூறு ஆண்டு எழுத்து கண்ணில் படாது. ஸ்டூவர்ட்டின் 1879 மாவட்டக் கையேடு, கால்டுவெல்லின் 1881 மாவட்ட வரலாறு, பேட்டின் 1917 கெசட்டியர் மூன்றும் பழைய பெயரில்தான் பட்டியலில் கிடக்கும். மூன்றையும் படியுங்கள், ஆனால் சாதி பற்றியும் வழிபாடு பற்றியும் அவை சொல்வதை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். எழுதியவர் கலெக்டரா பாதிரியாரா, யாரிடம் கேட்டு எழுதினார் என்பதும் சான்றின் ஒரு பகுதிதான்.

சேரத் தகுதி என்ன, எத்தனை ஆண்டு ஆகும்?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளின்படி முதுகலையில் 55 விழுக்காடு, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. நான்காண்டு இளங்கலை முடித்தவர் 75 விழுக்காடு பெற்றிருந்தால் நேரடியாகச் சேரலாம். குறைந்தது மூன்றாண்டு, கூடியது ஆறாண்டு, அதற்கு மேல் இரண்டாண்டு நீட்டிப்பு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டாண்டு. பெண்கள் பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் எடுக்கலாம். கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். வேலையில் இருப்பவர் தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதி நேரமாகச் செய்யலாம். அஞ்சல்வழி முனைவர் பட்டம் கிடையாது. எம்.ஃபில். இப்போது இல்லை.

நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணை வைத்துச் சேர்ந்தால் அதற்கு 70, நேர்காணலுக்கு 30 என்று கணக்கு. ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) இல்லாமல் சேர்க்கைக்கு மட்டும் தேறியவர்களின் மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய்.

கைடு கிடைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. என்ன செய்ய?

காரணம் கணக்குதான். பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க முடியாது. ஓய்வுக்கு மூன்றாண்டுக்குள் இருப்பவர் புதியவரை எடுக்கக் கூடாது. அதனால் "சார், இடம் இருக்கா?" என்று கேட்பதோடு "சார், எப்போ ரிட்டயர்டு?" என்பதையும் மரியாதையாக விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்தில் திட்டத்தை எழுதிக் கொண்டுபோனால் பதில் சீக்கிரம் வரும். வெறுங்கையோடு போய் "நீங்களே ஒரு தலைப்பு கொடுங்க" என்பவருக்குக் கைடின் பழைய மாணவர் விட்டுப்போன மிச்சம்தான் கிடைக்கும்.

மாவட்டப் புள்ளிவிவரங்களை ஆண்டுவாரியாக ஒப்பிட்டால் எண்கள் திடீரென்று குதிக்கின்றன. ஏன்?

எல்லை மாறியதால். ஊர் மாறவில்லை, கோடுதான் மாறியது. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்ப் பக்கம் திருநெல்வேலியை விட்டுப் போனது. 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூரிலிருந்து செங்கோட்டை வந்து சேர்ந்தது. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்ட மக்கள்தொகை 30,77,233 என்று இருப்பது தென்காசியையும் சேர்த்து. அதை எடுத்து இன்றைய மாவட்டத்தின் பள்ளிக்கூட எண்ணிக்கையை வகுத்தால் வரும் விடைக்குப் பொருளே கிடையாது.

செய்ய வேண்டியது: மாவட்ட அளவை விட்டுவிட்டு வட்டத்துக்கு இறங்குங்கள், முடிந்தால் ஊர் அளவுக்கு. வட்டங்களும் பிரிந்திருக்கின்றன, ஆனால் ஊர்ப் பட்டியலை வைத்துத் திரும்ப ஒட்டவைக்கலாம். கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் ஊர்வாரிப் பட்டியல் இருக்கிறது. ஒட்டிய விதத்தை ஒரு பின்னிணைப்பாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

சர்வேக்கு எத்தனை பேர் வேண்டும்? எல்லாரும் 384 என்கிறார்களே?

அந்த 384 வரும் வழி இது. 95 விழுக்காடு நம்பிக்கைக்கு 1.96, அதன் வர்க்கம் 3.84. விகிதம் தெரியாதபோது பாதிக்குப் பாதி என்று கொண்டு 0.25-ஆல் பெருக்கி, 5 விழுக்காடு பிழையின் வர்க்கமான 0.0025-ஆல் வகுத்தால் 384. இது செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொருவரும் தனித்தனியாக, குலுக்கலில் எடுத்தாற்போல் தேர்வாகியிருக்க வேண்டும்.

நடப்பில் என்ன நடக்கிறது? பீடி சுற்றும் பெண்களைப் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீடுவீடாகக் குலுக்கிப் போட யாருக்கும் பொறுமை இல்லை. ஒரு பீடிக்கடைக்குப் போய் அங்கே இலையும் தூளும் வாங்க வரும் இருபது பேரைப் பேட்டி எடுக்கிறோம், பிறகு அடுத்த கடை. ஒரே கடைக்குச் சுற்றுபவர்களுக்குக் கூலி, இலையின் தரம், கழிவு பீடி எடுக்கும் முறை எல்லாம் ஒன்றுபோல இருக்கும். இருபது பேரிடம் கேட்டாலும் உண்மையில் பத்துப் பேர் பதில்தான் கிடைக்கிறது. இதற்குத் திருத்தம் உண்டு. ஒரு கடையில் எடுப்பவர் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, அதை உள்ளொற்றுமை எண்ணால் (ஒரே கடைக்காரர்களின் பதில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதன் அளவு) பெருக்கி, ஒன்றைக் கூட்டி, வருவதால் 384-ஐப் பெருக்க வேண்டும். உள்ளொற்றுமை 0.05 என்றால் 19 × 0.05 + 1 = 1.95. அப்போது 384 பேர் போதாது, 749 பேர் வேண்டும். கடைக்குப் பத்துப் பேர் என்று குறைத்தால் பெருக்கும் எண் 1.45 ஆகிறது, 557 பேர் போதும். மொத்தத்தில் ஒரே இடத்தில் குவிவதைவிடப் பல கடைகளில் பரவுவது மேல். பஸ் செலவு கூடும், அதையும் திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

கணக்கு முடிந்தது. பிறகு நேரம். பீடியைக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோகும் வேளையில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் "ஆமா", "இல்ல" என்று ஒற்றைச் சொல்லில் வரும். கை சுற்றிக்கொண்டிருக்கும்போது பேச்சு தாராளமாக வரும், ஆனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். கடன் பற்றிய கேள்வியை அங்கே கேட்டால் சரியான பதில் வராது. பொதுப் பேச்சையும் கடன் கேள்வியையும் இரண்டு சந்திப்பாகப் பிரிக்க வேண்டியதுதான். வயல் வேலை செய்பவர்களை ஆராய்ந்தால் பிசான அறுவடையில் போகவே போகாதீர்கள்.

ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கினால் போதுமா?

போதாது. ஒருவர் தமிழாக்கட்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கட்டும், இரண்டையும் ஒப்பிடுங்கள். பிறகு பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டுப் பார்த்து, எந்தக் கேள்வியில் "என்ன கேக்கிய?" என்று திருப்பிக் கேட்கிறார்களோ அதை மாற்றுங்கள். "மிகவும் உடன்படுகிறேன்" முதல் "சற்றும் உடன்படவில்லை" வரையான ஐந்து படி, பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவருக்குச் சரி. ஊர்ப்புறத்தில் ஆச்சி ஒருவரிடம் இதை வாசித்தால் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் "ஆமா" என்பார். அங்கே மூன்று படி வையுங்கள், அல்லது ஐந்து கூழாங்கல் கொடுத்து "எம்புட்டு?" என்று கேளுங்கள். "மாத வருமானம்" என்று கேட்பதைவிட "போன வாரம் எத்தனை நாள் வேலை, நாளைக்கு எவ்வளவு" என்று கேட்டால் எண் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும்.

ஆற்று நீர் மாதிரி எடுப்பதில் என்ன தவறு நேர்கிறது?

எடுத்தவரின் கையில் தொடங்கி, ஆய்வுக்கூடத்துக்கு வரும் பஸ் வரை நேர்கிறது.

கரைந்த ஆக்ஸிஜனுக்கு 300 மி.லி. பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை) பாட்டில். நீருக்குள் முழுக்கி, குமிழி இல்லாமல் நிரப்பி, நீருக்குள்ளேயே மூடுங்கள். கரைக்கு வந்ததும் மாங்கனீஸ் சல்ஃபேட் 1 மி.லி., கார அயோடைடு அசைடு 1 மி.லி., பிப்பெட் நுனி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி. மூடித் தலைகீழாகப் பல முறை புரட்டினால் பழுப்பு வீழ்படிவு வரும். வெள்ளையாக வந்தால் ஆக்ஸிஜன் இல்லை என்று பொருள், சாக்கடை வாயருகே அப்படி வரலாம். அடர் கந்தக அமிலம் 1 மி.லி. விட்டுக் கரைத்தபின் 201 மி.லி. எடுத்து, 0.025 மோலார் தயோசல்ஃபேட்டால் டைட்ரேட் செய்யுங்கள். ஸ்டார்ச்சு நீலம் போகும் இடமே முடிவு. ஏன் 201? முதலில் விட்ட 2 மி.லி. மருந்து அவ்வளவு நீரை வெளியே தள்ளிவிட்டது. 201 எடுத்தால்தான் அசல் நீர் 200 ஆகும். அப்போது செலவான தயோசல்ஃபேட் மி.லி. எண்ணே லிட்டருக்கு மி.கி. எண். இதை அறியாமல் 200 எடுப்பவர்கள் உண்டு. பிழை சிறிதுதான், ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் முழிக்க வேண்டியிருக்கும்.

சித்திரை வெயிலில் ஆற்றுநீர் 30 டிகிரியைத் தொடும்போது நிறைவுநிலையே லிட்டருக்கு 7.5 மி.கி. சுற்றளவில்தான். உங்களுக்கு 11 வந்தால் பாட்டிலில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பாசி படர்ந்த தேக்கத்தில் நடுப்பகலில் எடுத்திருக்கிறீர்கள். காலை ஆறு மணிக்கு அதே இடத்தில் எடுத்துப் பாருங்கள்.

பி.ஓ.டி.க்கு இருட்டில் 20 டிகிரியில் ஐந்து நாள். கரண்ட் போய் இன்குபேட்டர் நின்றால் அந்தத் தொகுதியை விட்டுவிடுங்கள், சராசரியில் ஒளிக்க வேண்டாம். கோலிஃபார்ம் பாக்டீரியாச் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டில், ஐஸ் பெட்டி, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம். உலோகங்களுக்குப் பிளாஸ்டிக் பாட்டில், நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே. ஒவ்வொரு பயணத்திலும் வாலை வடிநீர் நிரப்பிய ஒரு பாட்டிலைக் கூடவே கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். அதில் துத்தநாகம் வந்தால் ஆற்றின் மேல் பழி போட முடியாது.

இந்த ஆற்றுக்கே உரிய சிக்கல் ஒன்று. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் கால்வாய்க்கு நீர் பிரிகிறது, வயலிலிருந்து வடிநீர் திரும்பவும் ஆற்றுக்கு வருகிறது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் அன்றைக்கு எவ்வளவு திறந்தார்கள் என்பதைக் குறிக்காமல் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டால், மாசு கூடியதா நீர் குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. திறப்பளவு நாளிதழிலேயே தினமும் வரும், வெட்டி ஒட்டிவையுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் உங்கள் காலத்துக்குள் வந்தால்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்த மழை அது. அந்த மாதத்தைச் சராசரியில் சேர்த்தால் ஆண்டின் படமே கோணலாகும். தூக்கி எறிவதும் பொய். இடைநிலை எண்ணையும் கொடுத்து, வெள்ளத்தைத் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போய் ஆய்வு செய்ய அனுமதி எப்படி?

சரணாலயப் பகுதிக்குள் அறிவியல் ஆய்வுக்கு 1972 வன உயிரினச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். கல்லூரி முதல்வர் கடிதம் அதற்கு ஈடாகாது. ஆய்வுத் திட்டம், வரைபடம், நாட்கள், வருபவர்களின் பெயர், என்ன கருவி என்பதை எழுதிக் கொடுங்கள். இலை, பூச்சி, மீன் எதையாவது எடுத்து வருவதானால் அதைத் தனியாகக் கேளுங்கள். முதலாண்டிலேயே மனுப் போடுங்கள், காத்திருப்பு நீளும். ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் காட்டுக்குள் வரும். விலங்கு நடமாட்டம் பற்றிய தரவில் அந்த வாரங்களைக் குறியிட்டு வையுங்கள்.

இயற்பியலுக்கு நெல்லையில் என்ன இருக்கிறது?

பலருக்குத் தெரியாத சங்கதி: கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே கோயில் சிற்பம் பார்க்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். புவியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போவதால், பகலில் தலைக்கு மேலே சுமார் 105 கி.மீ. உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை இங்கிருந்து அளக்க முடிகிறது. திருநெல்வேலியில் பதிவாகும் காந்தப்புலக் கிடைக்கூறிலிருந்து மும்பைப் பக்கத்து அலிபாக்கின் அளவைக் கழிப்பார்கள், இரண்டிலும் இரவு நேர அளவை அடிமட்டமாகக் கொண்டு. உலகம் முழுவதும் பொதுவான காந்தப் புயல் கழிந்துபோக, நடுக்கோட்டு ஓட்டம் மட்டும் மிஞ்சும்.

இந்தத் தரவைத் தொடும் மாணவர் அதிகம் தவறுவது நேரத்தில். பதிவு உலக நேரத்தில் இருக்கும், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். சூரியன் நம் தலைக்கு நேரே வரும் உள்ளூர் நேரமோ இந்திய நேரத்துக்குச் சுமார் 19 நிமிடம் பின்னால். "உச்சம் 11.20-க்கு" என்று எழுதினால் எந்தக் கடிகாரத்தில் என்று சொல்லுங்கள்.

ஆதிச்சநல்லூர், சிவகளைப் பக்கம் தரையில் கிடக்கும் பானையோடுகளை எடுத்து வரலாமா?

கூடாது. ஆதிச்சநல்லூர் பாதுகாக்கப்பட்ட இடம். 1876-இல் ஜெர்மானியர் ஜாகர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின, 1899 தொடங்கித் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். எடுத்த பொருளைவிட அது கிடந்த இடமும் ஆழமும்தான் பேசும் என்பது அந்தப் பழைய தோண்டல்களைப் படித்தால் புரியும். பாதுகாக்கப்படாத தேரிக்காட்டிலும் எடுக்காமல் அளவுகோல் வைத்துப் படம் பிடித்து, ஜி.பி.எஸ். புள்ளியைக் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

கார்பன் காலக்கணிப்பில் ஒரு ஆண்டு வந்துவிட்டால் அது முடிந்த முடிவுதானே?

சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல்லுமிக்குக் கி.மு. 1155 என்று வந்ததை 2021-இல் அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில் வெளியான இரும்பின் தொன்மை அறிக்கையில் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை போகும் கணிப்புகள் இருக்கின்றன. இவற்றை மேற்கோள் காட்டுபவர் மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கணிக்கப்பட்டது எந்தப் பொருள்: உமி, கரி, மண்? இரும்புக் கத்திக்குப் பக்கத்தில் கிடந்த கரியின் வயது கரியின் வயதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் அங்கே வந்தன என்பதை அடுக்கு காட்ட வேண்டும். நூறாண்டு நின்ற மரத்தின் உள்வயிரம் என்றால் கரி வெட்டிய நாளைவிட மூத்ததாகவே தெரியும்.

இரண்டு, பிழை வரம்பு. தனி எண்ணாக எழுதாதீர்கள், வீச்சாக எழுதுங்கள். மூன்று, திருத்த வளைகோடு, அதாவது கார்பன் ஆண்டை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் கோடு. சுமார் கி.மு. 800 முதல் 400 வரை அந்தக் கோடு கிட்டத்தட்ட தட்டையாகக் கிடக்கிறது. 2450 கார்பன் ஆண்டு என்று வந்தால் அது கி.மு. 750 ஆகவும் இருக்கலாம், 420 ஆகவும் இருக்கலாம். தமிழகத் தொல்லியலில் பலரும் சண்டை போடும் நூற்றாண்டுகள் இதே தட்டையில் விழுவது நம் அதிர்ஷ்டம்.

கல்வெட்டிலும் பழைய பத்திரத்திலும் உள்ள ஆண்டை எப்படி மாற்றுவது?

இந்தச் சீமையில் கொல்லம் ஆண்டு அதிகம் வரும். ஆவணியில் ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824-உம், ஜனவரி முதல் ஆடி முடிய 825-உம் கூட்டுங்கள். கொல்லம் 722 புரட்டாசி என்றால் 1546, அதே 722 தை என்றால் 1547. மார்கழி இரண்டாண்டிலும் கால் வைப்பதால் தேதியைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 825 கூட்டி ஓராண்டு பிசகிய ஆய்வேடுகள் நிறையவே உண்டு.

பாண்டியர் கல்வெட்டில் "யாண்டு இரண்டாவதின் எதிர் பதின்மூன்றாவது" என்று வந்தால் இரண்டையும் கூட்டிப் பதினைந்தாம் ஆட்சியாண்டு என்று கொள்வது வழக்கம். எந்தச் சடையவர்மன், எந்த மாறவர்மன் என்பது அதைவிடப் பெரிய தலைவலி. ஒரே பட்டப்பெயரில் பலர் ஆண்டிருக்கிறார்கள். கிழமை, நட்சத்திரம், திதி மூன்றும் இருந்தால் வானியல் கணக்கால் சுருக்கலாம். இல்லாவிட்டால் "13-ஆம் நூற்றாண்டு" என்று நிறுத்திக்கொள்வது மரியாதை.

வருவாய்த்துறைக் கணக்கில் பசலி ஆண்டு. 590 கூட்டினால் தொடங்கும் ஆண்டு கிடைக்கும், ஜூலை 1-இல் பிறக்கும். பசலி 1434 என்பது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் முடிய.

கல்வெட்டிலும் ஓலையிலும் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. நீங்கள் வாசித்ததை முதலில் உள்ளபடியே படியெடுங்கள். புள்ளி வைத்துப் பிரித்த வடிவத்தை அடுத்த பத்தியில் தனியாகக் கொடுங்கள். கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், எழுத்து தெரிய மாவோ சுண்ணாம்போ பூசுவதும் வேண்டாம். இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மங்கிய எழுத்தும் நிழலில் எழும்பும்.

வில்லுப்பாட்டு, கணியான் கூத்துப் பதிவு செய்வது எப்படி?

வில்லின் மணிகளுக்குப் பக்கத்தில் ரிக்கார்டரை வைத்தால் மணியும் குடமும்தான் கேட்கும், பாட்டு கேட்காது. மைக் செட்காரரிடம் சொல்லி மிக்ஸரிலிருந்து ஒரு வயர் எடுங்கள், இன்னொரு ரிக்கார்டரைக் கூட்டத்துக்குள் வையுங்கள். எம்.பி.3 வேண்டாம், வேவ் கோப்பு. கொடை விடிய விடிய நடக்கும், இரண்டு பேட்டரியாவது வேண்டும். கோயிலுக்கு வரி கொடுக்கும் ஊர் வரிதாரர்களிடமும் பாட்டை நடத்தும் அண்ணாவியிடமும் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள். சாமியாடும் நேரத்தில் கேமரா போகலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். "வந்தாவ", "அவிய", "சொன்னாம்லா" என்று கேட்டால் அப்படியே எழுதுங்கள். "வந்தார்கள்" என்று திருத்திவிட்டால் பத்து ஆண்டு கழித்து மொழியியல்காரர் ஒருவர் அந்த ஏட்டைத் திறந்து ஏமாந்து போவார்.

திருட்டு எழுத்துச் சோதனையில் எவ்வளவு வரை விடுவார்கள்?

மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 விழுக்காடு வரை நடவடிக்கை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 என்றால் ஓராண்டு கொடுக்க முடியாது. 60-க்கு மேல் பதிவு ரத்து.

தமிழ் ஆய்வேட்டில் ஒரு கூத்து நடக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை மென்பொருள் தமிழாகவே பார்க்காது, பூஜ்யம் காட்டும். அதைச் சான்றிதழாக மகிழ வேண்டாம். யூனிகோடில் மாற்றும் நாளில் எல்லாம் வெளியே வரும். முதல் நாளிலிருந்தே யூனிகோடில் எழுதுங்கள்.

எந்த இதழில் கட்டுரை போடுவது?

2022 விதியில் கட்டுரை கட்டாயமில்லை. உங்கள் பல்கலைக்கழக விதி வேறாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். யு.ஜி.சி. (மானியக் குழு) வைத்திருந்த கேர் இதழ்ப் பட்டியலை 2025 தொடக்கத்தில் கைவிட்டுவிட்டார்கள், "கேர் அங்கீகாரம்" என்று இன்னும் விளம்பரம் செய்யும் இதழைத் தள்ளுங்கள். மூன்று நாளில் ஏற்பு, ஜிபேயில் கட்டணம், வேதியியலும் சங்க இலக்கியமும் ஒரே இதழில் என்றால் மேலே படிக்க வேண்டியதில்லை.

வைவாவில் என்ன கேட்பார்கள்?

"இந்த ஊரை ஏன் எடுத்தீர்கள்?" "எடுக்காமல் விட்டது எது?" "இந்த அட்டவணையில் கூட்டல் சரிதானா?" மூன்றுக்கும் தயாராகப் போங்கள். வெளித்தேர்வாளர் முதலில் புரட்டுவது பெரும்பாலும் கடைசிப் பக்கங்களைத்தான்.

தரவுகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

பட்டம் வாங்கி ஐந்தாண்டாவது. மூன்று படி, அவற்றில் ஒன்று வேறு ஊரில். ஆற்றங்கரை வீட்டின் தரைத்தளத்தில் ஹார்டு டிஸ்க்கும் காகிதக் கட்டும் ஒன்றாக இருந்தால், அடுத்த மார்கழி மழையில் இரண்டும் ஒன்றாகவே போகும். கோப்பின் பெயரில் இடம், தேதி, எண் மூன்றும் இருக்கட்டும்: "சீவலப்பேரி_2024_02_11_03". "புதுசு கடைசி 2" என்று பெயர் வைத்த கோப்பில் என்ன இருக்கிறது என்று ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரியாது.